முதலில் 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: வீட்டுக் கஷ்டமும் பிள்ளையின் படிப்பும். பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எவர் பெயரையும் போடவில்லை. ஊர் மட்டும் இருக்கிறது.

என் மகன் தரம் 4 படிக்கிறான். "மண்டையில் ஒன்றும் ஏறவில்லை" என்று டீச்சர் சொல்கிறார். அவனுக்கு மூளை குறைவா?
*ஒரு தாய், மடுல்சீமை*

அந்த முடிவுக்கு வர எவருக்கும் அவசரம் வேண்டாம் அம்மா. முதலில் கரும்பலகை அவனுக்குத் தெரிகிறதா, டீச்சர் சொல்வது காதில் விழுகிறதா, இரத்தம் போதுமா என்று பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் பாடசாலைப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். உங்கள் மகனுக்கு இதுதான் வருடம். அன்று அவன் லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், காலையில் என்ன சாப்பிட்டுப் போகிறான் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவன் வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். இவ்வளவையும் சரிபார்த்த பிறகும் தடுமாறினால், அவனுக்கு வேறு மாதிரிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். அது பள்ளிக்கூடத்தின் வேலை.

பசியோடு படித்தால் பாடம் ஏறாதா?
*ஒரு மாணவன், தெமோதரை*

ஏறும் தம்பி, தங்காது. வயிறு கூப்பிடும்போது மனம் அந்தப் பக்கம்தான் திரும்பும். அது உன் குற்றமில்லை. காலையில் வெறும் சாயத்தண்ணியோடு ஓடாதே. முதல் நாள் ரொட்டியில் பாதி மிச்சமிருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போ. அதுவும் இல்லாத நாளில் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடு. சொல்ல வெட்கமாக இருக்கும் என்று தெரியும். பெரியவர்கள் உன்னைக் கேட்காமல் விட்டதுதான் வெட்கத்துக்குரியது.

நாங்களும் அந்தக் காலத்தில் பட்டினியோடுதான் படித்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை சலுகை?
*ஓய்வுபெற்ற கங்காணி, ஸ்பிரிங்வெளி*

ஐயா, முதலாம் வகுப்பில் உங்களோடு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? எட்டாம் வகுப்பு வரை வந்தவர்கள் எத்தனை பேர்? நடுவில் காணாமல் போனவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா?

உங்கள் தலைமுறைக்கு நடந்தது அநியாயம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1920 கல்விச் சட்டம் சொன்னது. அதுவும் 6 வயதிலிருந்து 10 வயது வரைதான். பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், அதோடு சரி. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்ததோ 1970களின் இறுதியில். இடையில் ஒரு தலைமுறை முழுதாகக் கொழுந்துக் காட்டுக்குப் போய்விட்டது. நீங்கள் பட்ட கஷ்டம் பேரப்பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

என் வகுப்பில் 38 பேர். எல்லோர் வீட்டுக் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?
*ஓர் ஆசிரியை, ஹாலிஎல*

38 பேரின் கதையும் வேண்டாம் டீச்சர். இடாப்பு எடுக்கும்போது முகத்தைப் பாருங்கள். அன்றைக்குத் தலை குனிந்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் மூன்று கேள்வி கேளுங்கள்: சாப்பிட்டாயா? ராத்திரி தூங்கினாயா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளையின் பதிலை இடாப்பின் ஓரத்தில் உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள். ஒரு மாதத்தில் அந்தப் புள்ளிகள் யாரிடம் சேருகின்றன என்று தெரிந்துவிடும். தவணைப் பரீட்சையில் கடைசியில் வரும் பெயர்களோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஏறாத பிள்ளைக்குச் செலவாகும் நேரத்தைவிட இந்த ஒரு நிமிடம் மலிவு.

வீட்டில் மேசை இல்லை, கதிரை இல்லை. ஒரே காம்பராவில் ஆறு பேர். எங்கே உட்கார்ந்து படிப்பது?
*சாதாரண தர மாணவி, நமுனுகுலை*

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்றால் 120 சதுர அடி. அதற்குள் அடுப்பு, துணி, பாட்டியின் இருமல், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாமே அடங்க வேண்டும். உன் படிப்புக்கு அங்கே இடமில்லை என்றால் இடத்தை வெளியே தேட வேண்டியதுதான். கோயில் மண்டபம், தோட்டத்துச் சனசமூக நிலையம், பாடசாலை மண்டபம் இதில் எது உன் லயத்துக்குக் கிட்ட? உன்னோடு படிப்பவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அதிபரிடமோ தலைவரிடமோ போய், "மாலை ஐந்திலிருந்து ஏழு வரை ஒரு விளக்கும் ஒரு சாவியும் தாருங்கள்" என்று கேளுங்கள். ஒருத்தி கேட்டால் பாவம் என்பார்கள். ஆறு பேர் கேட்டால் யோசிப்பார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவிலுள்ள படித்த பெண்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உயர்தரம் முடித்து வீட்டிலிருக்கும் பெண்கள் நம் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஓர் ஆள்தான் இல்லை.

புது வீடு வந்தால் படிப்பும் வருமா?
*ஒரு தந்தை, பண்டாரவளை*

தனி அறை, தனிக் கதவு, தனிக் கழிப்பறை மூன்றும் வந்தால் படிப்புக்கு வழி திறக்கும். இந்திய உதவியில் மலையகத்துக்கு 10,000 வீடுகள் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தார்கள். 2025 அக்டோபரில் உங்கள் பண்டாரவளையிலேயே சுமார் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். பத்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் வருடங்கள் ஓடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. வீடு எழும்பினால் முதலில் ஒரு மூலையைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். டிவி பிறகு வரட்டும்.

கடன் கவலை எங்களுக்குத்தானே, பிள்ளைக்கு எப்படித் தெரியும்?
*ஒரு கொழுந்துத் தொழிலாளி, பசறை*

கடைக்காரர் இஸ்தோப்பில் வந்து நின்று பாக்கி கேட்கும்போது உங்கள் முகம் மாறுகிறதே, அதைப் பிள்ளை படிக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2013இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆராய்ந்தது தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகளை. 54 கிராமங்களில் 464 பேர். அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாமல் அடகு வைக்கிற காலத்தில் ஒருமுறையும், அறுவடை முடிந்து காசு வந்தபின் ஒருமுறையும், அதே ஆட்களுக்கு யோசிக்கும் திறன் சோதனை வைத்தார்கள். காசில்லாத காலத்தில் அதே மனிதர் குறைவாகத்தான் செய்தார். ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை. கடன் கணக்கு மூளையில் உட்கார்ந்து மற்றதற்கு இடம் கொடுக்கவில்லை.

வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு? தாய்க்கு இந்த மாதம் எத்தனை 'பேர்' (முழுநாள் சம்பளக் கணக்கு) விழுந்தது, 'அரைப் பேர்' எத்தனை என்று பிள்ளைக்கு மனப்பாடம். அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டுதான் அது பின்னக் கணக்குக்கு வருகிறது. கடனை உடனே அடைக்க முடியாது, தெரியும். "இது பெரியவர்கள் விஷயம், நாங்கள் பார்த்துக்கொள்வோம், நீ படி" என்று வாய் திறந்து சொல்ல முடியும். சொல்லுங்கள். கடனைப் பற்றிய சண்டையைப் பிள்ளை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் குடிப்பது என் உழைப்பில். பிள்ளையின் படிப்புக்கும் அதற்கும் என்ன?
*ஒரு தந்தை, ஊர் எழுதவில்லை*

ஊர் எழுதவில்லை என்றாலும் கேள்வி எழுதினீர்களே, அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் தள்ளாடி வரும் ராத்திரியில் உங்கள் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறது. இன்றைக்கு அடி விழுமா, அம்மா அழுவாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆபத்தை எதிர்பார்த்துக் கிடந்த மூளை விடிந்ததும் ஓய்வெடுக்கத்தான் பார்க்கும். வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியர் முறைப்பாடு அனுப்பினால், அந்தத் தூக்கத்தை எடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரேயடியாக விட முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் உதவி கேளுங்கள். இன்று ராத்திரிக்கு மட்டும் ஒன்று: குடித்த நாளில் பிள்ளையோடு பேச வேண்டாம், சத்தம் வேண்டாம், பேசாமல் படுத்துவிடுங்கள்.

பிரம்பு இல்லாமல் பிள்ளை திருந்துமா?
*ஓர் ஆசிரியர், வெலிமடை*

வீட்டில் அடி வாங்கும் பிள்ளைக்கு அடி புதிதில்லை. அது கற்றுக்கொள்வது, அடிக்காத இடம் உலகத்தில் இல்லை என்பதை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பயத்தில் இருக்கும் பிள்ளை உங்கள் கையைப் பார்க்கும், கரும்பலகையைப் பார்க்காது. நாளில் ஒரே ஓர் இடமாவது அதற்குப் பயமில்லாமல் இருக்கட்டும். அந்த இடம் உங்கள் வகுப்பாக இருந்தால், அந்தப் பிள்ளை உங்களை அறுபது வயதிலும் மறக்காது.

அம்மா குவைத்தில் வீட்டு வேலை. வகுப்பில் உட்கார்ந்தால் அம்மா ஞாபகம்தான் வருகிறது. என்ன செய்வது?
*தரம் 7 மாணவி, லுணுகலை*

ஞாபகம் வரத்தான் செய்யும் தங்கச்சி. அதை அடக்கப் பார்க்காதே, அதற்கு ஒரு நேரம் கொடு. அம்மாவிடம் சொல்லி, வாரத்தில் இன்ன நாள், இன்ன மணி என்று அழைப்பை நிச்சயம் பண்ணிக்கொள். எப்போது வருமோ என்று காத்திருப்பதுதான் மனதைத் தின்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டியதை ஒரு கொப்பியில் எழுதி வை, அழைக்கும்போது வாசித்துக் காட்டு. உனக்குத் தமிழ்க் கட்டுரையும் வளரும், அம்மாவுக்கு உன் வாரம் முழுவதும் கிடைக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாது என்று விதி வந்தது. டொலர் நெருக்கடி வந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். தாய்மாரைக் குறை சொல்வது சுலபம். ஊரிலேயே வாழ்கிற அளவு சம்பளம் இருந்தால் எந்தத் தாய் பாலைவனத்துக்குப் போவாள்? வெளிநாடு போன தாய்மாருக்குப் பதிலாக அத்தையோ பாட்டியோ பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால், பாடசாலை அவர்களுக்கு நாற்காலி போட்டுப் பேச வேண்டும்.

வெள்ளைச் சப்பாத்து கிழிந்துவிட்டது. அதற்காகத் திருப்பி அனுப்பினார்கள். இது நியாயமா?
*ஒரு மாணவன், பூனாகலைப் பக்கம்*

நியாயமில்லை. அட்டை கடிக்கும் பாதையில், மழைச் சேற்றில் மலை இறங்கி வந்த பிள்ளையின் சப்பாத்து வெள்ளையாக இருக்காது. ஒழுக்கம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பிள்ளை வந்து சேர்ந்ததே பெரிய ஒழுக்கம். வாசலில் நிற்கும் மாணவத் தலைவர்களுக்கு அதிபர் ஒரு கட்டளை கொடுத்தால் போதும்: குறையைக் கொப்பியில் எழுது, பிள்ளையை உள்ளே விடு.

பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வருவதேயில்லை. எப்படிக் கேட்பது?
*ஓர் ஆசிரியர், எட்டம்பிட்டிய*

பிள்ளையிடம் கேட்க வேண்டாம். கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குப்பை போட மூடியுள்ள வாளி இருக்கிறதா? பதில் அங்கேயே கிடைக்கும். ஓர் ஆசிரியையின் மேசையில் அணையாடை எப்போதும் இருக்கட்டும். கணக்குக் கேட்காமல் எடுத்துக்கொள்ள விடுங்கள்.

லயத்தில் பிறந்து டாக்டர் ஆனவர்கள் இருக்கிறார்களே! முயன்றால் முடியாதா?
*ஒரு வர்த்தகர், பதுளை*

இருக்கிறார்கள், அவர்களுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அவர்களைக் காட்டி மற்றவர்களைத் திட்டாதீர்கள். ஒருவர் மேலே வந்தார் என்பது அந்த லயத்தில் அறிவுக்குப் பஞ்சமில்லை என்பதற்குச் சாட்சி. அப்படியானால் மற்றப் பிள்ளைகள் ஏன் வரவில்லை? அந்த ஒருவரிடமே கேட்டுப் பாருங்கள். "ஒரு டீச்சர் எனக்குச் சோறு போட்டார்", "ஒரு மாமா பஸ் காசு கொடுத்தார்", "அக்கா வேலைக்குப் போனாள், நான் படித்தேன்" என்று ஏதாவது ஒரு கை அவருக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கை தற்செயலாகக் கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் முறையாகக் கிடைக்கச் செய்வதற்குத்தான் பாடசாலையும் அரசாங்கமும். நீங்கள் வர்த்தகர். ஒரு பாடசாலையின் ஒரு வகுப்புக்கு வருடத்துக்கு வேண்டிய கொப்பியை ஏற்றுக்கொள்ளுங்கள். விழாவும் வேண்டாம், படமும் வேண்டாம்.

தரம் 5 புலமைப்பரிசிலில் எங்கள் தோட்டத்தில் எவரும் சித்தியடையவில்லை. அவமானமாக இருக்கிறது.
*ஒரு பெற்றோர், மீகஹகிவுலைப் பக்கம்*

பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஊர் மானத்தை ஏற்றாதீர்கள். டவுனில் ஒரு பிள்ளைக்கு மாலையில் டியூஷன், மாதிரி வினாத்தாள், காரில் வந்து அழைத்துப் போக அப்பா. உங்கள் பிள்ளைக்கு மாலையில் பீலியில் தண்ணீர், விறகு, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நிறைந்த கொழுந்துக் கூடையோடு மலை ஏறுபவளையும் வெறுங்கையோடு ஏறுபவளையும் ஒரே நேரத்தில் உச்சியைத் தொடச் சொல்லி, பிந்தி வந்தவளைச் சோம்பேறி என்பது போன்றது இது. புள்ளியைப் பாருங்கள், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று தெரியும். வாசிப்பிலா, கணக்கிலா? அதைத் தரம் 6இல் பிடித்துத் திருத்திவிட்டால், சாதாரண தரம் என்ற பெரிய கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.

தம்பியைப் படிக்க வைக்க நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகலாமா? எனக்கு 15.
*ஓர் அக்கா, ஹல்துமுல்லை*

போகக் கூடாது. உன் மனம் பெரியது, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். 16 வயது வரை படிப்பு கட்டாயம் என்று 2016இலிருந்து விதி. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆனது. அதே 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் உயிரிழந்தாள். மலையகம் முழுவதும் அழுதது. "நல்ல வீடு, நல்ல ஆட்கள்" என்று தரகர் சொல்லும் வார்த்தைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நீ செய்ய வேண்டியது: பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் வீட்டு நிலைமையைச் சொல். குடும்பத்துக்கு அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்கிறதா என்று கேள். கிடைக்காவிட்டால் மேன்முறையீடு செய்ய உதவி கேள். யாராவது வற்புறுத்தினால் 1929க்கு அழை, அது சிறுவர் உதவி இலக்கம். தம்பியின் படிப்புக்கு நீ விலையாகக் கூடாது. படித்த அக்கா இருக்கும் வீட்டில் தம்பி தானாகப் படிப்பான்.

மழை இருட்டினால் எங்கள் பிள்ளைகள் வகுப்பில் அழுகிறார்கள். பாடம் நடத்தவே முடியவில்லை.
*ஓர் ஆசிரியை, கொஸ்லந்தை*

அழட்டும் டீச்சர், மழை என்ன செய்யும் என்று அவர்கள் மலைக்குத் தெரியும். 2014 அக்டோபர் 29 காலையில் உங்கள் பக்கத்து மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. ஆபத்தான இடம் என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள், குடும்பங்களுக்குப் போக வேறு இடம்தான் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்ணுக்குள் உயிர்களைத் தேடியது. இப்படியான இடத்தில் மழைக்குப் பயப்படும் பிள்ளையிடம் கோளாறு எதுவும் இல்லை.

அன்று புதிய பாடம் எடுக்காதீர்கள். வாசிப்பு, பாட்டு, படம் வரைதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை கடுத்தால் எந்த வழியாக, எந்தக் கட்டடத்துக்குப் போவோம் என்று பிள்ளைகளோடு சேர்ந்து ஒத்திகை பாருங்கள். வழி தெரிந்தால் பயம் பாதியாகும். எந்தப் பிள்ளையின் வீடு அபாய வலயத்தில் இருக்கிறது என்ற பட்டியல் அதிபரிடம் இருக்கட்டும். வாரக்கணக்கில் தூங்காமல், பேசாமல் இருக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்பத் தயங்காதீர்கள்.

ஃபோன் இருந்தால் படிப்பு முன்னேறுமா?
*உயர்தர மாணவன், அப்புத்தளை*

ஃபோன் கருவி. கருவிக்கு முன் சிக்னல், சிக்னலுக்கு முன் டேட்டா காசு. கொரோனாக் காலத்தில், 2021இல், லுணுகலைப் பக்கம் மலை உச்சியில் மரத்தில் கட்டிய குடிலில் ஏறிச் சிக்னல் பிடித்துப் படித்த பிள்ளைகளின் படம் உலகம் முழுவதும் போனது. எல்லோரும் அவர்களின் விடாமுயற்சியைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்கிறேன். கூடவே ஒன்று கேட்கிறேன்: மரம் ஏற முடியாத பிள்ளை அந்த வருடம் என்ன படித்தது? ஏணி வைக்காமல் ஏறச் சொன்னோம் என்பதை அந்தப் பாராட்டில் மறந்துவிட்டோம். உனக்கு ஃபோன் இருந்தால் பாடத்தைத் தரவிறக்கி, இல்லாத இருவரோடு சேர்ந்து படி. சொல்லிக் கொடுக்கும்போது உனக்கே நன்றாக விளங்கும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்திக்கு எப்படி உதவுவது?
*ஒரு பாட்டி, மடுல்சீமைப் பக்கம் (பேத்தி எழுதிக் கொடுத்தது)*

"இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்று தினமும் கேளுங்கள் பாட்டி. அவள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் கேட்க, அவள் விளக்க, பாடம் மனதில் நிற்கும். நீங்கள் கதை சொல்லுங்கள், பழைய பாட்டுப் பாடுங்கள். சொல்வளம் அங்கிருந்துதான் வரும். இந்தக் கடிதத்தை அவள் எழுதியிருக்கிறாளே, எழுத்து மணிமணியாக இருக்கிறது. என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். படிப்பு பாடசாலையில்தானே தொடங்கும்?
*பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவர், தியத்தலாவைப் பக்கம்*

உங்கள் மடியில் தொடங்கிவிட்டது அம்மா. 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் அது நூற்றுக்கு 32. உயரம் குறையும்போது மூளைக்குப் போக வேண்டியதும் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி நல்ல செய்தி. ஜமெய்க்காவில் 1980களின் நடுவில், கிங்ஸ்டன் நகரத்தின் ஏழை வீடுகளில் இப்படி வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதார உதவியாளர் வாரம் ஒரு மணி நேரம் போனார். விலையில்லாத விளையாட்டுச் சாமான், படம், பேச்சு, இவ்வளவுதான். தாய்க்குக் குழந்தையோடு விளையாடக் கற்றுக்கொடுத்தார். இரண்டு வருடம். இருபது வருடத்துக்குப் பிறகு பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட நூற்றுக்கு 25 வீதம் கூடச் சம்பாதித்தார்கள். நீங்கள் குழந்தையோடு பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் கணக்கில் சேருகிறது. அதற்கேற்ற சம்பளமும் பயிற்சியும் உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்று நான் தொடர்ந்து எழுதுவேன்.

சம்பளம் கூடினால் படிப்பும் கூடுமா?
*ஒரு தொழிற்சங்க உறுப்பினர், எல்ல*

கூடும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா, 2024இல் 1,350. விலைவாசி அதற்குள் மலை ஏறிவிட்டது. அதிலும் பேர் விழ வேண்டும் என்றால் கிலோ வேண்டும். கொழுந்து குறைந்த வறட்சி மாதத்தில் வேலை நாளே குறையும். அந்த மாதத்தில் பாடசாலை இடாப்பைப் பாருங்கள், வராதவர் எண்ணிக்கை ஏறும். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது பாடசாலை இடாப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். பாதையும் பேசுங்கள். தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்யச் சட்டம் தடையாக இருந்தது, 2018 திருத்தத்தில் அந்தத் தடை நீங்கியது. இனி "எங்களுக்கு அதிகாரமில்லை" என்று சபை சொன்னால் சட்டத்தைக் காட்டுங்கள்.

அரசாங்கத்திடம் ஒன்றே ஒன்று கேட்பதானால்?
*ஒரு வாசகர், பதுளை*

தோட்டப் பாடசாலைகளில் தரம் 11 வரை எல்லோருக்கும் காலைச் சாப்பாடு. இப்போது பாடசாலை உணவு பெரும்பாலும் ஆரம்ப வகுப்போடு நின்றுவிடுகிறது. தரம் 6க்குப் போன பிள்ளைக்குப் பசி எடுக்காது என்று யார் சொன்னது? வளரும் வயதே அதுதான், இடைவிலகும் வயதும் அதுதான். சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பாடசாலையில் தொடங்கிய மதிய உணவை, காமராஜர் 1956இல் மாநிலம் முழுவதும் கொண்டு போனார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022இல் அங்கே காலை உணவும் வந்தது. நூறு வருடமாகச் சோற்றுத் தட்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. நமக்கு முன்னால் பிறர் கண்ட வழி இருக்கிறது.

நான் ஒரு சின்னப் பாடசாலையின் அதிபர். பணமும் இல்லை, ஆளும் இல்லை. நாளைக்கே செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள்.
*ஓர் அதிபர், பசறை வலயம்*

மூன்று சொல்கிறேன் சேர். ஒன்று, கேட்டை அரை மணி நேரம் முந்தித் திறந்து ஒரு வகுப்பறையை வீட்டுப்பாடத்துக்கு விடுங்கள். பெற்றோர் பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போன பிறகு பிள்ளைகள் எப்படியும் சீக்கிரம் வந்து வாசலில்தான் நிற்கிறார்கள். இரண்டாவது, மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் லயத்துக்கு நான்காம் நாள் ஓர் ஆசிரியரோ மூத்த மாணவரோ போகட்டும். திட்டுவதற்குப் போக வேண்டாம், விசாரிக்கப் போகட்டும். வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவுக்கும் அன்றே தகவல் கொடுங்கள். மூன்று, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தைக் கொழுந்து நேரத்தில் வைக்காதீர்கள். அரைப் பேரை இழந்து ஒரு தாய் வர மாட்டாள். ஞாயிறு மாலை கோயிலடியில் வையுங்கள், வருவார்கள்.

இந்த மூன்றும் வறுமையை ஒழிக்காது. வறுமையை ஒழிக்கச் சம்பளம், காணி, வீடு, பாதை எல்லாம் வேண்டும். அதற்கான போராட்டம் நடக்கட்டும், நாமும் கூட நிற்போம். அதுவரை இன்றைக்குத் தரம் 3இல் இருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. அடுத்த ஜனவரியில் அது தரம் 4க்குப் போய்விடும். ஆகவே நாளைக் காலையே கேட்டைத் திறந்துவிடுங்கள். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், என்ன மாற்றம் கண்டீர்கள் என்று ஒரு தவணை கழித்து எனக்கு எழுதுங்கள். மற்ற அதிபர்களும் படித்துப் பின்பற்ற அதை இதே பகுதியில் போடுகிறேன்.